டொக்டரின் மைத்துனி

போன புதன்கிழமை பக்கத்து வீட்டுக் கீர்த்தனா படலையைத் தள்ளிக்கொண்டு வந்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது... ஏதோ நடந்திருக்கிறது.

கீர்த்தனா மிருக வைத்தியம் படித்தவள். நான் பார்த்த அதே வேலை. இப்போதுதான் முதல் நியமனம். நான் ஓய்வு பெற்று, கதிரையில் சாய்ந்துகொண்டு இந்தப் பத்தியில் உங்களோடு வாராவாரம் கதைக்கிறேன். அவள் மாடுகளோடு கதைக்கப் போயிருக்கிறாள்.

"அன்ரி, எனக்குத் துணைக்கு ஒரு ஆளைப் போட்டிருக்கினம். ஊருக்குள்ளை போகேக்கை அவரும் கூட வரவேணுமாம். பொம்பிளைப் பிள்ளை தனியப் போகக் கூடாதாம்!"

"அவருக்கு மாடெண்டால் பயமோ?" என்று கேட்டேன்.

அவள் கோபத்தை மறந்து என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

எப்படித் தெரியுமா? நான் இந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவள் அல்லவா!

யுத்த காலம். திருகோணமலை. துறைமுகத்தில் நேவி, ரோட்டில் ஆமி, சந்திக்குச் சந்தி செக்பொயின்ற். அங்கே ஒரு சின்ன மிருக வைத்தியசாலைக்கு என்னை டொக்டராகப் போட்டார்கள். நான் வந்து இறங்கியபோது எங்கள் மேலதிகாரி என்னையும் நியமனக் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடிதத்தில் எழுத்துப்பிழை இருக்குமோ என்று தேடியிருக்க வேண்டும்.

"கோழிப் பக்கம் போறீங்களோ, பிள்ளை? கோழி பெண்களுக்கு நல்ல பொருத்தம்" என்றார்.

"மாடும் பெண்தானே, சேர்" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

சில கிழமைகளில் என்மீது முறைப்பாடு ஒன்று வந்தது. சாம்பல்தீவில் ஒரு விவசாயி. அவருடைய பசு சினைப்படவில்லை. கடைசியாக எப்போது நாம்பன் மாட்டிடம் விட்டீர்கள் என்று கேட்டேன். டொக்டர் வேறு எதைக் கேட்பது? அவர் முகம் சிவந்து வீட்டுக்குள் போனவர்தான். மறுநாள் கந்தோருக்கு வந்து, பெண் டொக்டர் தன்னிடம் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்.

மேலதிகாரி உடனே உத்தரவு போட்டார். பெண் உத்தியோகத்தரின் பாதுகாப்பும் கண்ணியமும் கருதி, வெளியே போகும்போது ஓர் ஆண் ஊழியர் துணைக்குப் போக வேண்டும்.

அந்த ஆண் ஊழியர்தான் தவராசா அண்ணர். எங்கள் கந்தோர் கிளார்க். வெள்ளைச் சேர்ட், மடிப்புக் கலையாத காற்சட்டை, வகிடெடுத்துப் படிய வாரிய தலை. பார்த்தால் மந்திரி ஒருவரின் செயலாளர் என்று நினைப்பீர்கள். அருமையான மனிதர். ஒரே ஒரு சிக்கல். மாடு என்றால் அவருக்கு உயிர் போகும். சின்ன வயதில் ஒரு மாடு துரத்தியதாம். அது இன்னும் பின்னால் வருவது போலத்தான் வாழ்நாள் முழுவதும் நடந்துகொண்டிருந்தார்.

"அண்ணை, மாட்டுக்குப் பின்னாலை நிக்காதேங்கோ. உதைக்கும்."

முன்னால் போவார்.

"முன்னாலையும் நிக்காதேங்கோ. முட்டும்."

"அப்ப நான் எங்கை நிக்கிறது, மிஸ்?"

"வேலிக்கு அங்காலை."

"எந்த வேலிக்கு?" என்று கேட்டுவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த வேலியைப் பார்ப்பார்.

ஆக, என்னைப் பாதுகாக்க வந்தவரை மாடுகளிடமிருந்து பாதுகாப்பதும் என் கடமையாயிற்று. அதற்குத் தனியாக அலவன்ஸ் ஒன்றும் தரவில்லை!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கந்தோரில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. பெண் பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் கொடுத்தால் நாலுபேர் என்ன சொல்வார்கள் என்று மேலதிகாரி கேட்டார். எனவே அதைத் துணைக்கு வருபவரின் பெயரில் கொடுத்தார்கள். தவராசா அண்ணருக்கு மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியாது. எனக்குத் தெரியும். ஓடத் தெரிந்தவளுக்கு அனுமதி இல்லை, அனுமதி உள்ளவருக்கு ஓடத் தெரியாது. அது சாக்கால் மூடியபடி விறாந்தையில் நின்றது. நாங்கள் இரண்டு சைக்கிள்களில் வேர்க்க விறுவிறுக்கப் போய்வந்தோம்.

செக்பொயின்றில் சிப்பாய் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பான். மிருக வைத்தியர் என்று இருக்கும். பார்த்துவிட்டு அதைத் தவராசா அண்ணரிடம் கொடுத்து, அவருக்கு ஒரு சலூட்டும் அடிப்பான். அவரும் "ஹரி சேர்" என்பார். 'ஹரி' என்றால் சிங்களத்தில் 'சரி'. அண்ணருக்குத் தெரிந்த முழுச் சிங்களமும் அதுதான். எதைக் கேட்டாலும் 'ஹரி'. அந்தக் காலத்தில் உயிரோடு வீட்டுக்குப் போய்ச்சேர அந்த ஒரு சொல் போதும் என்று நம்பினார்.

ஊர்களிலும் அதே கதை. மாட்டுக்காரர்கள் என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தவராசா அண்ணரை ஒதுக்கிக் கூட்டிக்கொண்டு போய்க் காதுக்குள் சொல்வார்கள். அவர் காது சிவக்கத் திரும்பி வருவார்.

"என்னவாம், அண்ணை?"

"மாட்டுக்கு... மனம் சரியில்லையாம், மிஸ்."

"கத்துதாமோ?"

"ஓம்" என்று நிலத்தைப் பார்ப்பார்.

பசு வேட்கைக்கு வந்திருக்கிறது என்ற ஒரு செய்தி என்னை வந்தடைய, இரண்டு ஆம்பிளைகள் வெட்கப்பட்டு முடிய வேண்டியிருந்தது. பசு மட்டும்தான் வெட்கமில்லாமல் நேரே என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தது.

இப்படி நாட்கள் போகும்போதுதான் அது நடந்தது.

ஒரு காலை. நான் பின்பக்கம் ஓர் ஆட்டின் காலுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தேன். முன்னால் ஏதோ வாகனச் சத்தம். முடித்துவிட்டு, கை கழுவி, முன்னால் வந்தேன். தவராசா அண்ணரின் கதிரை வெறுமையாக இருந்தது. மேசையில் பாதி குடித்த பிளேன் ரீ. அதன் பக்கத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடி.

எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த காதர் நானா ரோட்டைக் கடந்து ஓடிவந்தார்.

"மிஸ்! ஒங்கட கிளாக்கர ஆமி ட்ரக்கில ஏத்திட்டுப் போயிட்டாங்க!"

நான் வாசலுக்கு ஓடினேன். ரோட்டில் புழுதி மட்டும்தான் நின்றது.

இன்றைக்கு வாசிக்கும் பிள்ளைகளுக்கு இது விளங்காது. அந்த நாட்களில் ஒருவரை ட்ரக்கில் ஏற்றினால், அதற்குப் பிறகு என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தாய்மாரும் மனைவிமாரும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முகாம் வாசல்களில் நிற்பார்கள். சிலர் மாதக்கணக்கில் நின்றார்கள். சிலருடைய ஆட்கள் வரவே இல்லை.

செய்தி எங்களைவிட வேகமாக ஓடியது. லிங்கநகரிலிருந்து அவருடைய மனைவி மங்களம் அக்கா வந்துவிட்டா. செருப்பில்லை. கையில் மா ஒட்டிக் கிடந்தது. அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"என்ன சொல்லி ஏத்தினவங்கள்?" என்று காதர் நானாவைக் கேட்டா.

"வந்தவன் ஏதோ கேட்டான். இவர் ஹரி ஹரி எண்டாரு. பொறகு..." நானா தயங்கினார். "சொல்லக் கூடாது, தங்கச்சி. மாடு எண்டு ஏசிக்கிட்டே ஏத்தினான். ஹரக்கா, ஹரக்கா எண்டான்."

எனக்குத் தலைக்குள் ஏதோ வெளித்தது. ஹரக்கா என்றால் மாடு. ஏசுவதற்கும் சொல்வார்கள்தான். ஆனால் மாட்டையும் மாடு என்றுதானே சொல்வார்கள்?

"நானா, அவன் முதலிலை என்ன கேட்டவன்? டொக்டர் எண்டு ஏதும் கேட்டவனோ?"

"ஓம் ஓம்... டொக்டர் எண்டுதான் கேட்டான்."

கதை விளங்கிவிட்டது. உப்புவெளி தாண்டி இருந்த முகாமில் பால் மாடுகள் நின்றன. ஏதோ ஒரு மாட்டுக்கு அவசரம். டொக்டரைக் கூட்டிவர வந்திருக்கிறார்கள். மேசையில் வெள்ளைச் சேர்ட்டோடு ஓர் ஆண். "டொக்டரா?" "ஹரி சேர்." "மாடு பார்க்க வாரீங்களா?" "ஹரி சேர்."

மங்களம் அக்காவுக்குச் சொன்னேன். அவ என் முகத்தையே பார்த்தா. "அவர் மாடு பாப்பாரோ? எங்கட வீட்டுப் பூனை மடியிலை ஏறினாலே எழும்பிடுவார்" என்றா. பிறகுதான் அழுதா.

விறாந்தைக்குப் போய்ச் சாக்கை இழுத்து எறிந்தேன். மோட்டார் சைக்கிள் நாலாவது உதையில் கிளம்பியது. மங்களம் அக்கா என் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினா. காதர் நானா வாய் திறந்தபடி நின்றார். நாலுபேர் என்ன சொல்வார்கள் என்று மேலதிகாரி கேட்டாரே... அந்த நாலுபேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

முகாம் வாசலில் சென்ரி துவக்கை நீட்டி மறித்தான். எனக்குச் சிங்களம் வரும். சிங்கள ஊரில் இருந்துதான் படித்தேன். இருந்தும் அன்றைக்கு மொழி உதவவில்லை.

"நான் மாட்டு டொக்டர்" என்றேன்.

"டொக்டர் உள்ளே வந்துவிட்டார்."

"அவர் டொக்டர் இல்லை..." என்று தொடங்கிய நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். டொக்டர் என்று பொய் சொல்லி முகாமுக்குள் நுழைந்த தமிழ் ஆள்! அந்த ஒரு வசனம் அவரை எங்கே கொண்டுபோய் விடும்?

"அவரும் டொக்டர். நானும் டொக்டர்" என்றேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "மாட்டுக்கா? பெண்ணா?" என்று சிரித்தான். பிறகு மங்களம் அக்காவைக் காட்டி, "இவர் யார்?" என்றான்.

"டொக்டரின் மனைவி."

உடனே துவக்கைத் தாழ்த்தினான். "டொக்டரின் மனைவி போகலாம். நீங்கள் நில்லுங்கள்."

யோசித்துப் பாருங்கள். உள்ளே ஒரு மாடு செத்துக்கொண்டிருக்கிறது. டொக்டரின் மனைவிக்கு அனுமதி உண்டு, டொக்டருக்கு இல்லை! நான் படித்த ஐந்து வருடத்தைவிட மங்களம் அக்காவின் தாலிக்கு மதிப்பு.

நான் நெருப்பாய் நின்றேன். மங்களம் அக்காவுக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் நடப்பது விளங்கியது. சட்டென்று என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தா.

"நங்கி!" என்றா சென்ரியிடம். "மகே நங்கி!" என் தங்கச்சி. மரக்கறிச் சந்தையில் பொறுக்கிய சிங்களம்.

சென்ரியின் முகம் மலர்ந்தது. டொக்டரின் மைத்துனி! அதை முதலே சொல்லியிருக்கலாமே! வழிவிட்டான்.

உள்ளே, கொட்டில் ஓரத்தில், தவராசா அண்ணர் கதிரையில் இருந்தார். கையில் ரீ. தட்டில் மாரி பிஸ்கட். அவரைச் சுற்றிச் சிப்பாய்கள் வாளி வாளியாக வெந்நீரோடு நின்றார்கள். நான் எந்தப் பிரசவத்துக்குப் போனாலும் முதலில் வெந்நீர் கேட்பதை வேலிக்கு அங்கால் நின்றே பார்த்திருக்கிறார் மனிதர். அதை வைத்தே நேரத்தைக் கடத்தியிருக்கிறார். வாளி வரும். விரலை விட்டுப் பார்ப்பார். போதாது என்று தலையாட்டுவார். அடுத்த வாளி வரும். அந்த முகாமில் அன்றைக்கு மத்தியானச் சோற்றுக்கு அடுப்பு இருந்திராது.

எங்களைக் கண்டதும் வாளியிலிருந்து விரலை எடுத்தார்.

"மிஸ்... நான் டொக்டர் இல்லையெண்டு சொல்லிப்போடாதேங்கோ" என்று உதடு அசையாமல் சொன்னார். "சுட்டுப்போடுவாங்கள்."

"சொல்லேல்லை. நீங்கள் கதிரையிலை இருங்கோ. நான் பாக்கிறன்."

மாட்டின் பெயர் மெனிக்கே. நல்ல சிவலைப் பசு. படுத்துக் கிடந்து முக்கியது. கன்றின் ஒரு முன்காலும் மூக்கு நுனியும் வெளியே தெரிந்தன. மற்ற முன்கால் உள்ளே மடங்கிக் கிடந்தது. அப்படியே பிடித்து இழுத்தால் கன்றும் போகும், தாயும் போகும். ஏற்கெனவே இரண்டு சிப்பாய்கள் இழுக்கத் தயாராகக் கயிற்றோடு நின்றார்கள்.

"டொக்டர் அதை வைக்கச் சொல்கிறார்" என்றேன் சிங்களத்தில். வைத்தார்கள். தவராசா அண்ணர் "ஹரி, ஹரி" என்று உறுதி செய்தார்.

சேலையை இழுத்துச் சொருகினேன். தோள்வரை சவர்க்காரம் பூசினேன். சேற்றில் படுத்துக் கையை உள்ளே விட்டேன். முதலில் கன்றைப் பின்னே தள்ள வேண்டும். தாய் முன்னே தள்ளுவாள். அவளுக்கும் எனக்கும் சண்டை. என் கை எலும்பு நொறுங்குவது போல இருந்தது. பிறகு மடங்கிய முழங்காலைத் தேடிப் பிடித்து, குளம்பை உள்ளங்கைக்குள் பொத்தி — பொத்தாவிட்டால் கருப்பை கிழிந்துவிடும் — மெல்ல, மெல்ல... விரல் மரத்துப்போன நேரத்தில் அந்தக் கால் வழுக்கி நேரே வந்தது.

"இப்ப இழுக்கச் சொல்லி டொக்டர் சொல்கிறார்!"

டொக்டர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

கன்று விழுந்தது. மூச்சில்லை. மூக்கைத் துடைத்தேன். வைக்கோல் துரும்பை மூக்குத் துவாரத்தில் விட்டேன். விலாவைத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். துவக்கோடு நின்ற பெடியன் ஒருவன் வாய்க்குள் ஏதோ பிரார்த்தித்தான்.

கன்று தும்மியது.

முகாமே ஆரவாரித்தது. ஓடிவந்து... தவராசா அண்ணரைத் தூக்கினார்கள்! கதிரையோடு!

மேஜர் ஒருவர் வந்து அண்ணரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தோள்வரை இரத்தமும் சேறுமாய் நான் எழும்பி நின்றேன். மேஜர் என்னைப் பார்த்தார். நல்ல மனிதர். மனதாரத்தான் சொன்னார்.

"டொக்டர், உங்கள் மைத்துனியை நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறீர்கள்."

"ஹரி சேர்" என்றார் தவராசா அண்ணர். அவர் கண்ணில் நீர் வந்தது. பயத்திலா, வெட்கத்திலா... தெரியாது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த ஆளை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதற்காக இரண்டையும் விழுங்கினேன். ஒரு சிப்பாய் புது ரீயோடு வந்தான். தட்டை டொக்டரிடம் நீட்டினான். மங்களம் அக்கா நடுவில் கையை விட்டுக் கோப்பையை எடுத்து எனக்குத் தந்தா.

"நீ முதல் குடி" என்றா. "என்ர மனுசன் பொறுத்திருப்பார்."

மேஜருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அந்த ரீயைப் போல ஒரு ரீ நான் பிறகு குடித்ததில்லை.

புறப்படும்போது டொக்டருக்கு மரியாதையாகக் கன்றுக்கு அவருடைய பெயரை வைப்பதாக மேஜர் அறிவித்தார். அது பெண் கன்று என்பதைச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. இனி எந்த மாட்டுக்கு என்ன வந்தாலும் ட்ரக் அனுப்பி டொக்டரையே கூப்பிடுவோம் என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் என் வாழ்க்கையை மாற்றியது.

மறுநாள் தவராசா அண்ணர் மேலதிகாரியின் முன்னால் போய் நின்றார். "சேர், எனக்கு மாடெண்டால் பயம். இவ்வளவு நாளும் மிஸ்தான் என்னைப் பாதுகாத்தவ. இனி என்னாலை ஏலாது" என்றார். நிமிர்ந்து நின்று சொன்னார். அந்த அறையில் அவ்வளவு தைரியமான பேச்சு அதற்கு முன் கேட்டதில்லை.

"சரி, வேறை ஆம்பிளையைப் போடுவம்" என்றார் மேலதிகாரி.

வேறு ஆம்பிளை யார்? ட்ரக் கதை கந்தோர் முழுக்கப் பரவியிருந்தது. துணைக்குப் போகும் ஆம்பிளையைத்தான் டொக்டர் என்று பிடித்துக்கொண்டு போவார்கள். போனால் மாட்டுக்குள் கை விட வேண்டும். ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஒருவருக்குச் சாதகத்தில் நேரம் சரியில்லை. மற்றவர், பக்கத்து வைத்தியசாலையில் எனக்குச் சமமாக வேலை பார்த்த ஆண் டொக்டர், ட்ரக்குக்குப் பயந்து மெடிக்கல் சேர்ட்டிபிக்கட் கொடுத்துவிட்டு நீண்ட லீவில் போனார்.

கடைசியில் புது உத்தரவு வந்தது. ஆண் ஊழியர்களின் பாதுகாப்புக் கருதித் துணை அனுப்பும் ஏற்பாடு நிறுத்தப்படுகிறது. பெண் உத்தியோகத்தர் தனியே போகலாம். மோட்டார் சைக்கிளையும் பாவிக்கலாம்.

ஆம்பிளைகளின் பாதுகாப்புக்காக ஒரு பெண்ணுக்குச் சுதந்திரம் கிடைத்ததை வேறெங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அடுத்த நாளே சாம்பல்தீவுக்குத் தனியே போனேன். முறைப்பாடு செய்த அதே மாட்டுக்காரர் என் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார். காதுக்குள் சொல்ல ஒரு ஆம்பிளையும் இல்லை. கொஞ்ச நேரம் நெளிந்தார். பிறகு முற்றத்தில் நின்ற தென்னையின் பக்கம் திரும்பி நின்று, "மாடு கத்துது" என்று தென்னைக்குச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். மாரிகாலம் முடிவதற்குள் தென்னையை விட்டு என் பக்கம் திரும்பிவிட்டார்.

முகாம் மாடுகளையும் நான்தான் பார்த்தேன். ட்ரக் வரும். டொக்டருக்குச் சுகமில்லை, நங்கியை அனுப்புகிறார் என்று தவராசா அண்ணர் கந்தோர்க் குசினிக்குள் ஒளிந்து நின்று சொல்லி அனுப்புவார். அந்த முகாமைப் பொறுத்தவரை நான் கடைசிவரை டொக்டரின் மைத்துனிதான்.

சில வருடம் கழித்துப் பதவி உயர்வுக்கு நேர்முகம் நடந்தது. நானும் போயிருந்தேன், லீவில் போன அந்த ஆண் டொக்டரும் வந்திருந்தார். எத்தனை மாட்டைப் பார்த்தேன், எத்தனை கன்றைக் காப்பாற்றினேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நடுவில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மிகுந்த கவலையோடு கேட்டார்:

"யுத்தம் நடக்கிற இடத்திலை ஊர் ஊராத் தனிய மோட்டார் சைக்கிளிலை திரிஞ்சிருக்கிறீங்கள். வீட்டிலை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொன்னவை, சேர்" என்றேன். "ஹெல்மெட் போட்டுக்கொண்டு போகச் சொன்னவை."

பதவி லீவில் போனவருக்குக் கிடைத்தது. ஹெல்மெட் இன்னும் என்னிடம் இருக்கிறது!